அடம் நின்றுவிட்டது

2020 மே மாதக் கடைசியில் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனையை அடைத்தார்கள். சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் அப்போது கொரோனா தொற்று அதிகம். சவுக்குக் கட்டை நட்டு, ஆளுயரத் தகரம் வைத்து ஆணி அறைந்தார்கள். இருபுறமும் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். தெரு அடங்கிப்போனது.

எதிர்வீட்டுப் பையனுக்கு அப்போது பதினேழு வயது இருக்கும். ஆட்டிசம், பேச்சு வராது. தினமும் காலை எட்டரைக்குச் சிறப்புப் பள்ளி வேன் வரும். எட்டு மணிக்கே முதுகில் பையோடு வாசற்படியில் நிற்பான். ஹாரன் கேட்டதும் இரண்டு கையையும் உதறிக்கொண்டு குதிப்பான். மார்ச்சில் வேன் நின்றது. அவன் வந்து நிற்பது மட்டும் நிற்கவில்லை.

ஊரடங்கு என்றால் என்னவென்று நமக்குப் பிரதமர் சொன்னார், முதல்வர் சொன்னார், டிவி நாள் முழுக்கச் சொன்னது. அவனுக்கு யார் சொல்வது? சீருடை போட்டுக்கொண்டு ஒன்பது, பத்து மணிவரை நிற்பான். பிறகு சுவரில் நெற்றியை முட்ட ஆரம்பிப்பான். அம்மா அவன் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைப்பார். வலது கை வலித்தால் இடது கை. எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தப் புறங்கை சிவந்திருப்பது தெரியும். மேற்பூச்சு உதிர்ந்த சொரசொரப்பான சுவர் அது.

தகரம் அடித்த மறுநாள் அதுவரைக்கும் நடந்துவிட்டான். தகர நெளிவில் ஒரு விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக்கொண்டே போனான், திரும்பி வந்தான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் லத்தியைத் தரையில் தட்டினார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஓடிவந்தார். "சார், அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார்." போலீஸ்காரர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "உள்ள கூட்டிட்டுப் போம்மா" என்றார், தணிந்த குரலில். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கலாம்.

அதே வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. மார்ச் 27-ல் தொடங்கவேண்டிய பொதுத்தேர்வு தள்ளிப்போனது. ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள். ஒவ்வொரு தேதிக்கும் அவள் மொட்டைமாடியில் புத்தகத்தோடு நடந்தாள். ஜூன் 9-ல் தேர்வே ரத்து, எல்லோரும் பாஸ். தெருப் பையன்கள் விசிலடித்தார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணும் வருகைப் பதிவும்தான் கணக்கு என்றதும் அவள் முகம் செத்துப்போனது. அரையாண்டைக் காய்ச்சலோடு எழுதியவள். அதன்பிறகு மாடிக்கு வரவில்லை. பகலெல்லாம் படுக்கை. பின்னாத தலை. பதினொன்றாம் வகுப்புப் பாடம் போனுக்கு வந்தது. வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் அப்பாவின் சட்டைப்பையில்.

"முன்னெல்லாம் எதிர்த்துப் பேசுவா. இப்ப சமத்தாயிட்டா" என்று அவள் பாட்டி கீழ்வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சொல்தான் திக்கென்றது.

நோய்க்கு ஆள் போட்டிருந்தார்கள். தன்னார்வலர் பெண் ஒருவர் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினார். பையனின் நெற்றிக்கு நேராக வெப்பமானியை நீட்டினார். நெற்றியில் புடைத்திருந்த வீக்கத்தை ஒரு கணம் பார்த்தார். 97 என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவர்மேல் குறை சொல்லமாட்டேன். வீக்கத்தை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பெருந்தொற்றின் முதல் ஆண்டிலேயே உலகெங்கும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடின என்று 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இளைஞர்களும் பெண்களும்தான் அதிகம் அடிபட்டார்கள். எங்கள் தெருவில் அது சத்தமில்லாமல் நடந்தது.

2021 ஜனவரி 19-ல் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பள்ளி திறந்தார்கள். பிப்ரவரி 8-ல் மாடிப் பெண்ணும் கிளம்பினாள். சீருடை தோளில் தொங்கியது, அவ்வளவு இளைத்திருந்தாள். தோழி ஒருத்தி தெருமுனையிலிருந்து கூப்பிட்டதும் ஓடினாள். பார்க்க நிம்மதியாக இருந்தது. அன்றும் எதிர்வீட்டுக்கு வேன் வரவில்லை. அவனும் வாசலில் இல்லை. பல மாதமாகவே அவன் வெளியே வருவதில்லை. "அடம் நின்னுடுச்சு, பாவம், இப்ப தொந்தரவே இல்ல" என்றார்கள் பக்கத்து வீட்டில். கரண்டி பிடித்துத் தானே சாப்பிடக் கற்றிருந்தவனுக்கு இப்போது அம்மா ஊட்டிக்கொண்டிருந்தார்.

இனி எதற்காகப் பள்ளியை மூடினாலும், சிறப்புப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வாரம் ஒருமுறையாவது இப்படிப்பட்ட பிள்ளைகளின் வீட்டுப் படியேற அனுமதி தரவேண்டும். காய்ச்சல் எழுதும் படிவத்தில் தூக்கம், சாப்பாடு, பேச்சு பற்றியும் கேட்கவேண்டும். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், துறுதுறுவென்று இருந்த பிள்ளை திடீரென்று சமத்தாகிவிட்டால் உட்கார்ந்து பேசுங்கள். 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது: 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.