ஈ.சி.ஆரில் 150 கி.மீ... சைக்கிள் சீட் புண் வராமல் தப்பிப்பது எப்படி?

ஞாயிறு அதிகாலை முட்டுக்காடு பாலத்தை சைக்கிள்கள் கடக்கும்போது காற்று குளுகுளுவென்று இருக்கும். மாமல்லபுரம் தாண்டி வெயில் ஏறியதும் வியர்வை ஊற்றும். மரக்காணம் உப்பளங்களில் கடல்நீர் காய்ந்து உப்பாவதுபோல, உடையில் வியர்வையும் உப்பாகப் படியும். உப்பு, ஈரம், சீட்டின் உரசல் மூன்றும் சேர்ந்தால் தொடை இடுக்கு எரியும். தோல் உரிந்து கிருமி புகுந்தால் கட்டியாகிவிடும்.

பேட் வைத்த சைக்கிளிங் ஷார்ட்ஸ் அணியுங்கள். உள்ளே ஜட்டி வேண்டாம்; அதன் தையலே தோலை அறுக்கும். கிளம்பும் முன் உரசும் இடங்களில் வாஸ்லின் தடவுங்கள். மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட் உயரம் அதிகம் என்று அர்த்தம், சற்று இறக்குங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள்.

புதுச்சேரி வந்ததும் கடற்கரைக்கு ஓடத் தோன்றும். முதலில் குளித்து, ஈரம் துடைத்து, தளர்வான பருத்தி உடைக்கு மாறுங்கள். புண் தெரிந்தால் மறுநாள் சைக்கிளில் திரும்பும் திட்டத்தைக் கைவிட்டு பஸ் ஏறுங்கள். ஆறும்வரை சைக்கிளுக்கு ஓய்வு. சீழ், காய்ச்சல் இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.