ஏரியிடம் எதையும் கேட்காமல்

ஸ்காபரோ, ஒன்ராறியோ



ரொறொன்ரோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் கார் ஓடினால் அல்கோன்குயின் பூங்கா வரும். பூங்கா என்றதும் ஊஞ்சலையும் பூச்செடிகளையும் நினைக்க வேண்டாம். 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு அது. யாழ்ப்பாண மாவட்டம் அதற்குள் ஏழு தடவை அடங்கும். 1893இல் ஒன்ராறியோ மாகாணம் அதைப் பூங்காவாக அறிவித்தது. உள்ளே 2,400க்கும் அதிகமான ஏரிகள். தெற்குப் பக்கமாக ஒரு நெடுஞ்சாலை 56 கிலோமீட்டர் தூரம் குறுக்கே ஓடுகிறது. அதை விட்டு உள்ளே போவதென்றால் பெரும்பாலும் தண்ணீர்தான் வழி, கனூ என்ற வள்ளம்தான் வாகனம்.

கோடை முடிந்து இலைகள் நிறம் மாறத் தொடங்கும்போது நான் அந்தக் காட்டுக்குள் தனியே போய் வருவேன். கூடாரம், சாப்பாடு, வரைபடம், துடுப்பு எல்லாம் ஏற்றுவேன். தூண்டில் மட்டும் ஏற்றுவதில்லை. என் பெரியம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "தனியவோ போறாய் பிள்ளை? மீனும் பிடிக்கிறேல்லை எண்டால் அங்க போய் என்னதான் செய்யிறனி?" என்று கேட்டார். அவர் கடற்கரை ஊரில் பிறந்தவர். தண்ணீரில் இறங்குகிறவனுக்கு ஒரு அலுவல் இருக்கும், அது முடிந்ததும் அவன் கரைக்கு வந்துவிட வேண்டும் என்று பார்த்து வளர்ந்தவர். அவருடைய கேள்வி மிக நியாயமானது. அதற்கு வடிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதலாவது, அங்கே செய்வதற்கு வேலை நிறைய உண்டு. இரண்டு பேர் ஓட்டுகிற கனூவில் ஆளுக்கு ஒரு பக்கம் துடுப்புப் போட்டால் வள்ளம் நேரே போகும். தனி ஆள் ஒரு பக்கம் மட்டும் வலிக்கும்போது முனை மறுபக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். அதைத் திருத்துவதற்கு ஒரு வலிப்பு முறை இருக்கிறது. துடுப்பைப் பின்னுக்கு இழுத்து முடிக்கிற இடத்தில் மணிக்கட்டைத் திருப்பி, பெருவிரல் கீழே பார்க்க, அலகை வள்ளத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தள்ள வேண்டும். அலகு தண்ணீரில் கீறும் கோடு ஆங்கில 'ஜே' எழுத்தைப் போல இருப்பதால் அதுவே அந்த வலிப்பின் பெயர். கை பழகியபின் முனை அசையாது. துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீரின் சத்தம் மட்டுமே கேட்கும். அந்த நிலைக்கு வருவதற்கு ஆட்களுக்குப் பல கோடைகள் எடுக்கும்.

இருக்கிற இடமும் முக்கியம். இரண்டு இருக்கை உள்ள கனூவில் தனி ஆள் பின்னால் போய் இருந்தால் முன்பக்கம் கிளம்பி, காற்று அதைப் பிடித்துச் சுழற்றிவிடும். அதனால் வள்ளத்தைப் பின்முன்னாகத் திருப்பி, முன்னிருக்கையில் பின்பக்கம் பார்த்து இருப்பார்கள். அப்போது பாரம் நடுவை நோக்கி வரும். பொதியை எதிர்ப்பக்கம் வைத்தால் சமநிலை இன்னும் திருந்தும். மதியத்துக்குப் பிறகு பெரிய ஏரிகளில் காற்று எழும்பும் என்பதால் விடியற்காலையிலேயே வெளிக்கிட வேண்டும். அலை வெள்ளையாக உடையத் தொடங்கினால் கரையேறிக் காத்திருக்க வேண்டும். இத்தனை தீர்மானங்களையும் எடுக்க ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். கலந்து பேச எவரும் இல்லாதபோது மனம் எவ்வளவு கவனமாகிறது என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

ஏரி முடிகிற இடத்தில் மஞ்சள் பலகை ஒன்று தெரியும். அடுத்த ஏரிக்கு வள்ளத்தைச் சுமந்து போகிற பாதை அது. இதை இங்கே 'போட்டேஜ்' என்கிறார்கள். பலகையிலே தூரம் மீட்டரில் எழுதியிருக்கும். கனூ லேக் என்ற புகழ்பெற்ற ஏரியிலிருந்து ஜோ லேக்குக்குப் போகிற பாதை 295 மீட்டர். தனி ஆளால் வள்ளத்தையும் பொதியையும் ஒரே தடவையில் தூக்க ஏலாது என்றால் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து, மற்றதைக் கொண்டுபோக வேண்டும். அப்போது 295 மீட்டர் 885 மீட்டராகிவிடும். கிலோமீட்டர்க் கணக்கான பாதைகளும் உண்டு. கெவ்லார் என்ற இழையில் செய்த கனூ 20 கிலோவுக்குள் அடங்கும். அதன் விளிம்பைப் பிடித்து முதலில் தொடைக்கு ஏற்றி, ஒரு உந்தலில் தலைக்கு மேலே கவிழ்த்தால், நடுவில் இருக்கிற நுகம் இரண்டு தோளிலும் வந்து இருக்கும். பிறகு கண்ணுக்குத் தெரிவது காலடியில் இருக்கிற வேரும் கல்லும் சேறும்தான்.

வெறுங்கையோடு திரும்பி நடக்கிற அந்த நடை எனக்கு மிகவும் விருப்பமானது. போகும்போது வள்ளத்துக்குள் தலை. ஒன்றையும் பார்த்திருக்க மாட்டோம். திரும்பும்போதுதான் விழுந்த மரத்தின் மேல் முளைத்த பாசியும், மூஸ் என்ற பெரிய மான் சேற்றில் பதித்துவிட்டுப் போன குளம்படியும், பீவர் என்ற விலங்குகள் ஓடையை மறித்துக் கட்டிய அணையும் கண்ணில் படும். தனியே போகிறவருக்குத்தான் இந்த இரண்டாவது பார்வை கட்டாயமாகக் கிடைக்கிறது.

இனி, தூண்டிலைப் பற்றி. அல்கோன்குயின் ட்ரௌட் மீனுக்குப் பேர்போன இடம். வசந்தத்தில் பனி உருகியவுடன் மீனுக்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒரு பிணக்கும் இல்லை. ஆனால் தூண்டில் போட்டவரின் கண் நூலில்தான் இருக்கும். எங்கே ஆழம், எங்கே நிழல், எங்கே கடிக்கும் என்று ஏரியை அவர் கேள்வியாகவே பார்க்கிறார். மாலையில் மீன் இருந்தால் நல்ல நாள், இல்லாவிட்டால் வீண் நாள். தூண்டில் இல்லாமல் போகிறவருக்கு அந்தக் கணக்கு இல்லை. எந்த ஏரியாலும் அவரை ஏமாற்ற முடியாது.

லூன் என்ற பறவையை நான் அறிந்தது அப்படித்தான். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், கோடையில் சிவந்த கண். 1987 முதல் கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் இருப்பது இந்தப் பறவைதான். அதனாலேயே அந்த நாணயத்தை எல்லோரும் லூனி என்கிறார்கள். பெரும்பாலான பறவைகளுக்கு எலும்புகள் பல உள்ளீடற்று இருக்கும். லூனின் எலும்புகள் கனமானவை. ஆழமாக மூழ்குவதற்கு அது உதவி. பறப்பதற்கு அதுவே பாரம்: தண்ணீரின் மேல் நீண்ட தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். கால்கள் உடம்பின் கடைசியில் இருப்பதால் தரையில் நடக்க மிகவும் சிரமப்படும். துடுப்பை மடியில் வைத்துவிட்டு அசையாமல் இருந்தால் சில வேளைகளில் லூன் கிட்டவே எழும்பும். அலகிலிருந்து தண்ணீர் வழிய, தலையைச் சற்றுச் சரித்து நம்மைப் பார்க்கும். பிறகு சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடும். எங்கே மறுபடி எழும்பும் என்று பார்த்துக்கொண்டிருப்பதிலேயே காலை கழிந்துவிடும். ஆண் பறவை தன் ஏரிக்கு உரிமை சொல்லக் கூவுவது ஒன்று, துணையைத் தேடி இரவில் நீளமாக அழைப்பது வேறொன்று, பயந்தால் வருகிற நடுங்கும் குரல் இன்னொன்று. கேட்டுக்கொண்டே இருந்தால் பிரித்தறிய வந்துவிடும். தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டுகள் தண்ணீரில் அறுந்து விழுந்து, அவற்றை விழுங்குகிற லூன்கள் நஞ்சேறிச் சாகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் சிறிய ஈயக் குண்டுகளுக்கு 1997 முதல் தடை இருக்கிறது.

தனிமையின் ஆபத்தையும் நான் மறைக்கப் போவதில்லை. கனடிய ஓவியர்களில் பெரும்புகழ் பெற்ற டொம் தொம்சன் இந்தக் காட்டில் கனூவில் திரிந்து, சிறிய பலகைகளில் ஏரிகளையும் பைன் மரங்களையும் தீட்டியவர். 1917 ஜூலை 8ஆம் திகதி கனூ லேக்கில் தனியே வெளிக்கிட்டார். எட்டு நாட்களுக்குப் பிறகு உடல் கிடைத்தது. கை தேர்ந்த வள்ளக்காரர் அவர். என்ன நடந்தது என்று இன்றும் விவாதிக்கிறார்கள். அந்த ஏரியைக் கடக்கும்போதெல்லாம் என் உயிர்காப்பு அங்கியின் பட்டியை ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். அங்கி வள்ளத்தில் கிடந்தால் போதாது. உடம்பில் இருக்க வேண்டும். 15 மீட்டர் மிதக்கும் கயிறு, விசில் இரண்டும் சட்டப்படி கட்டாயம். எந்த இரவு எந்த ஏரியில் தங்குகிறேன், எப்போது திரும்புவேன் என்பதை எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போவேன். கரடிகள் உள்ள காடு என்பதால் சாப்பாட்டுப் பையை நிலத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில், மரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளித் தொங்கவிட வேண்டும். ரின்களும் கண்ணாடிப் போத்தல்களும் உட்காட்டில் தடை. ஆகவே நம்மவர்களின் ஆபத்பாந்தவனான ரின்மீனை மறந்துவிட்டு, வறுத்த ரவையும் பருப்பும் இடிச்ச சம்பலும் கட்டிக்கொண்டு போவேன்.

ஆனால் தனியே போகிறேன் என்று சொல்லும்போது எனக்கு ஒரு கூச்சம் வருகிறது. உண்மையில் அங்கே எவருமே தனியாக இல்லை. கனூவை உலகுக்குத் தந்தவர்கள் இந்த மண்ணின் முதற்குடிகள். பேர்ச் மரத்தின் பட்டையை உரித்து, சீடர் மரத்தில் விலா வளைத்து, ஸ்ப்ரூஸ் வேரால் தைத்து, மரப்பிசினால் பொருத்தை அடைத்தார்கள். சுமந்து நடக்கும் பாதைகளிலும் பல அவர்களின் கால்கள் போட்டவை. பூங்கா தாங்கி நிற்கிற பெயரே அல்கோன்குயின் மக்களுடையது. அந்த நிலத்துக்கான உரிமைப் பேச்சில் 2016இல்தான் கொள்கையளவு உடன்பாடு ஒன்று கையெழுத்தானது. பிறந்த நிலத்துக்கு உரிமை கேட்டு நிற்பது எப்படியிருக்கும் என்று தெரிந்த எங்களைப் போன்றவர்கள், இதைத் தெரியாமல் அந்தத் தண்ணீரில் துடுப்புப் போடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்கிறேன். 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டு கரைசேர்த்தவர்கள் கஸ் டால்ற்றன் என்ற மீனவரும் அவரைப் போன்ற மற்ற மீன்பிடிப் படகுக்காரர்களும். கனடாவில் தமிழர் வரலாற்றின் பெரிய அத்தியாயம் ஒன்று அப்படித்தான் தண்ணீரில் தொடங்கியது. எங்களுக்கு வள்ளம் என்றால் ஒன்றில் பிழைப்பு, இல்லாவிட்டால் தப்பி ஓடுதல். பெரியம்மாவின் கேள்விக்குள் இருந்தது இந்த இரண்டும்தான். ஒரு தேவையும் இல்லாமல், எவரும் துரத்தாமல், விரும்பியபடி ஒருவர் வள்ளத்தில் இருக்கலாம் என்பது எங்கள் தலைமுறைக்குப் புதிது. அந்தச் சுதந்திரத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. அகதியாக வந்த நாட்டில் வேலை கிடைப்பதும் வீடு வாங்குவதும் ஒரு கட்டம். அந்த நாட்டின் தண்ணீரைப் பயமில்லாமல், ஆசைப்படாமல் பார்க்கக் கிடைப்பது அதற்கு அடுத்த கட்டம்.

கனடாவின் பிரதமராக இருந்த பியர் ட்ரூடோ, இளைஞனாக இருந்த காலத்தில், 1944இல் கனூப் பயணம் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதினார். வள்ளத்தில் போகிறவரைத் துறவியாகக் கண்டது அந்தக் கட்டுரை. எனக்கு அந்தச் சொல் முழுதாகப் பொருந்தவில்லை. நான் எதையும் துறந்து போகவில்லை. வீடும் வேலையும் பிள்ளைகளும் எனக்கு வேண்டும். ஏரியிடம் எதையும் கேட்காமல் சில நாட்கள் இருந்துவிட்டு வந்தால், மனிதர்களிடமும் குறைவாகவே கேட்கத் தோன்றுகிறது. தொலைபேசி இல்லாமல், முடித்துக் காட்ட ஒரு காரியம் இல்லாமல் இருக்கப் பழகியவர், பக்கத்தில் இருக்கிறவர் பேசும்போது முழுதாகக் கேட்கிறார். நான் அங்கே போவதன் பயன் இதுதான்.

இங்கே இருக்கிற நம் பிள்ளைகளுக்கும், அவர்களை விட முக்கியமாக அவர்களின் தாய் தகப்பன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். எடுத்த எடுப்பில் தனியே போக வேண்டாம். முதலில் நீந்தப் பழகுங்கள். ஒரு கோடை முழுக்கக் கரையோரமாகத் துடுப்புப் பழகுங்கள். கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதை ஒரு சூடான நாளில், ஆழமில்லாத இடத்தில், தெரிந்தவர் பக்கத்தில் நிற்கச் செய்து பாருங்கள். பிறகு துணையோடு ஓர் இரவு. மே கடைசியும் ஜூனும் கறுப்பு ஈக்கள் கடித்துத் தின்னும் காலம், செப்டெம்பர் நல்லது. அனுமதிச் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இதெல்லாம் கைவந்த பிறகு, ஒருநாள், சுமக்கும் பாதை குறைந்த ஓர் ஏரிக்குத் தனியே போங்கள். கையில் தூண்டில் இருந்தால் ஒருமுறை மட்டும் அதைக் காரிலேயே விட்டுவிடுங்கள். மீன் அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் கடல் கடந்த நண்பன்