பூவிருந்தவல்லிச் செம்மண்ணில் ஒரு சினிமா

அம்பத்தூரில் நமக்கு ஒரு சிநேகிதர் உண்டு. அவருடைய பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சாலை என்று பெயர் சொல்ல முடியாத இடங்களாகத் தேடிப் போய் ஓட்டிவிட்டு வருகிறவன். "நல்ல தார் ரோடு இருக்கும்போது இது எதற்கப்பா?" என்று கேட்டால் சிரிப்பான். அவன் தங்கை செய்வது இன்னும் விசித்திரமான காரியம். அண்ணன் ஓட்டுவதைப் படம் பிடித்து, வெட்டி, ஒட்டி, நாலு பேர் பார்க்கும்படி செய்கிறாள். இதை நேரிலேயே பார்த்துவிடுவது என்று சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நாமும் கிளம்பினோம். மோட்டார் சைக்கிளின் பின் ஆசனத்தில் அல்ல. அவ்வளவு தைரியம் நமக்குக் கிடையாது. தங்கை ஓட்டிய காரில்தான்.

ஆவடி என்றதும் பழைய தலைமுறையாருக்கு 1955-ம் வருஷத்துக் காங்கிரஸ் மகாசபை ஞாபகம் வரும். சோஷலிஸ மாதிரிச் சமுதாயம் அமைப்பது என்ற தீர்மானம் நிறைவேறிய ஊர் அது. மற்றவர்களுக்கு டாங்கித் தொழிற்சாலை ஞாபகம் வரும். விஜயந்தா டாங்கி 1965-ல் இங்கிருந்துதான் வெளிவந்தது. ஆகவே, பாதையில்லாத இடத்தில் ஓடும் வாகனங்களுக்கு ஆவடியே தாய்வீடு என்று நாம் சொல்லப்போக, பையனுக்கு ஒரே சந்தோஷம்.

பருத்திப்பட்டு வழியாகப் பூவிருந்தவல்லியை அடைந்தபோது பொழுது நன்றாக விடிந்திருந்தது. திருக்கச்சி நம்பி அவதரித்த ஊர். சற்றுத் தூரம் போனால் திருமழிசை. ஆழ்வார்களும் ஆசாரியர்களும் நடந்து போன பிரதேசத்தில் இன்று பெங்களூர் நெடுஞ்சாலை இரைந்துகொண்டிருக்கிறது. அந்தச் சாலையிலேயே மேலும் போனால் இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்துப் பழைய யுத்தகால விமான மைதானத்தில் நடந்து வந்த மோட்டார் பந்தயங்கள், 1990-ல் இங்கே ஏற்பட்ட பந்தயத் தடத்துக்கு வந்து சேர்ந்தன. வேகமாக ஓட்டியே தீரவேண்டும் என்பவர்களுக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறது. இருந்தும், 2023 செப்டம்பரில் இதே நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்துக்கு அருகே, படம் போட்டுப் பேர் பெற்ற ஓர் இளைஞர் முன்சக்கரத்தைத் தூக்கி வித்தை காட்டப் போய் விழுந்தார். பத்து வருஷத்துக்கு அவருடைய லைசென்ஸ் போயிற்று. அவரைப் பார்த்து ஓட்டக் கற்றுக்கொண்ட பையன்கள் எத்தனை பேரோ!

காரை நிறுத்திவிட்டு, தங்கை தன் கருவிகளை வெளியே எடுத்தாள். காமிரா என்றால் முக்காலியும் கறுப்புத் துணியுமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். கலிபோர்னியாவில் நிக் உட்மன் என்ற அலைச்சறுக்கு இளைஞர், அலை மேல் போகும்போதே தம்மைப் படம் பிடித்துக்கொள்ள ஆசைப்பட்டு 2002-ல் ஆரம்பித்த முயற்சியில் பிறந்தது கோப்ரோ. 2004-ல் வந்த முதல் காமிரா மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பிலிம் காமிராதான்.

"இதை உச்சந்தலையில் வைத்தால் என்ன?" என்று கேட்டோம்.

"வைத்தால் கண்ணுக்கு மேலே இன்னொரு கண் மாதிரி ஆகிவிடும், மாமா. மேடெல்லாம் பந்தடிக்கும் மைதானம் மாதிரி தட்டையாய்த் தெரியும்" என்றாள். தலைக்கவசத்தின் மோவாய்ப் பக்கத்தில் வைத்தால், ஓட்டுகிறவன் கண்ட காட்சியும் கைப்பிடியும் சேர்ந்து விழுமாம். ஆனாலும் இந்தக் கண்ணாடிவில்லை அகலப் பார்வையுடையது. செங்குத்தான சரிவையும் சாய்வு நாற்காலியாக்கிவிடும். ஆகையால் பக்கவாட்டில் இன்னொரு காமிராவைத் தரையோடு தரையாக வைத்தாள். அளவு தெரிவதற்காக நம்மையும் மேட்டின் அடியில் நிற்கச் சொன்னாள். தலைக்கவசத்தில் காமிரா மாட்டுவதற்குக் கேரளப் போக்குவரத்து இலாகா 2022-ல் தடை அறிவித்தது அவளுக்குத் தெரியும். பொதுச் சாலையில் ஓட்டும்போது அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறாள்.

பையன் இரண்டு முறை சரிவில் இறங்கி ஏறினான். செம்புழுதி எழுந்து வெயிலில் பொன்னாக மிதந்தது. இடையே காமிரா சூடேறித் தானே அணைந்துபோயிற்று. ஓடும்போது காற்றுப்பட்டுக் குளிர்ந்திருக்கும். நின்றால் நம் ஊர் வெயில் அதற்கு ஆகாது. நமக்கும்தான்.

மூன்றாவது முறை இறங்கியபோது சரிவின் கீழே ஓர் ஆட்டு மந்தை வந்துவிட்டது. பையன் பிரேக் பிடித்தான். முன்சக்கரம் சரளையில் வழுக்கி, வண்டியோடு மெதுவாகச் சாய்ந்தான். அடி ஒன்றுமில்லை. ஆனால் ஆடுகள் நாலாபக்கமும் சிதறின. ஆட்டுக்காரி கோலுடன் வந்து நின்றாள்.

"உன் வண்டி போயிடும் தம்பி. மிரண்ட ஆட்டை நான் எங்கே போய்த் தேடுவேன்? இதுல ரெண்டு செனை."

பையன் என்ஜினை அணைத்தான். "தப்புதாம்மா" என்றான். பிறகு அரைமணி நேரம் எல்லோருமாக ஆடு பிடித்தோம். நாமும் ஒரு கிடாவைத் துரத்தினோம்; அது நம்மைத் துரத்தியது என்று சொல்வதே உண்மைக்குப் பொருந்தும். காமிரா ஓடிக்கொண்டிருந்ததைத் தங்கை அந்த அம்மாளிடம் ஒளிக்காமல் சொல்லிச் சம்மதம் கேட்டாள். "ஆடு தெரியட்டும், என் மூஞ்சி வாணாம்" என்று பதில் வந்தது.

அன்று மாலை அம்பத்தூர் வீட்டில், காப்பியோடு வெட்டும் வேலை தொடங்கிற்று. இரண்டு மணி நேரப் படம் நாலு நிமிஷம் ஆகவேண்டும். ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் நிதானப்படுத்துகிறது. அதற்குக் கூலியாகப் படத்தின் ஓரங்களைக் கத்தரித்துக்கொள்கிறது. விநாடிக்கு 60 படம் எடுத்ததை 30 ஆக ஓட்டினால் புழுதி பாதி வேகத்தில் எழுகிறது. இதெல்லாம் சுலபமாக முடிந்தது. தகராறு வந்தது ஆட்டு மந்தையிடம்தான்.

முதல் ஓட்டத்தின் இறக்கத்தையும் இரண்டாவது ஓட்டத்தின் ஏற்றத்தையும் சேர்த்து, ஆடுகளையும் விழுந்ததையும் எடுத்துவிட்டால் ஒரே மூச்சில் ஓடியதுபோல் இருக்கும் என்றான் பையன். அது பொய்யும் அல்ல, எல்லாம் அவன் ஓட்டியதுதானே என்பது அவன் வாதம்.

"அண்ணா, அப்படி வெட்டினால் அங்கே யாருமே இல்லை என்று ஆகிவிடும். பார்க்கிறவன் காலி இடம் என்று நினைத்து வருவான். உன்னை மாதிரி பிரேக் பிடிப்பானோ என்னவோ!"

சிநேகிதர் வந்து பிள்ளை பக்கம் பேசினார். நாம் நடுநிலை வகிப்பதாகச் சொல்லிவிட்டுப் பெண் பக்கமே பேசினோம். உண்மையில் அவள் சொன்னது நமக்கு அதற்கு முன் தோன்றவே இல்லை. இத்தகைய படங்களில் பாதை எப்போதும் வெறிச்சென்று இருப்பதைப் பார்த்து, நம் தேசத்தில் இவ்வளவு ஜனமற்ற இடமா என்று வியந்திருக்கிறோமே தவிர, ஜனங்களை யார் எடுத்தார்கள் என்று கேட்டதில்லை.

இரவு ஒன்பது மணிக்குப் பையன் இறங்கி வந்தான். தான் விழுவதை மட்டும் பாதி வேகத்தில் காட்டக் கூடாது என்பது அவன் நிபந்தனை. தங்கை ஒப்புக்கொண்டாள். ஆட்டுக்காரி பேசும் இடத்தில் பின்னணி வாத்தியத்தை எடுத்துவிட்டாள். கோலும், கையும், ஆடுகளும், அந்தக் குரலும் மட்டும் இருக்கின்றன. படத்தில் இடத்தின் பெயரைப் போடவில்லை; அவள் கேட்டுக்கொண்டபடி நாமும் இங்கே எழுதவில்லை.