டபுள் கிளிக் பண்ணும் முன் அந்த ஃபோல்டரைப் பாருங்க



இன்னைக்கு மருந்து மாத்திரை பத்தி இல்லை. கம்ப்யூட்டர் பத்தி. "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்காதீங்க. காரணம் இருக்கு.

வெளியில் எம்ஆர்ஐ எடுத்துட்டு ஓபிக்கு வர்றவங்க ஃபிலிமோடு ஒரு டிஸ்க்கோ பென் டிரைவோ கொண்டு வர்றாங்க. அதில் படங்கள் மட்டும் இருக்காது. பல நேரம் அந்தப் படங்களைத் திறந்து காட்டும் ஒரு சாஃப்ட்வேரும் கூடவே இருக்கும். டபுள் கிளிக் பண்ணா போதும், ஓடும்.

அந்த டபுள் கிளிக்கில் என்ன நடக்குது?

எந்த சாஃப்ட்வேரும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. டிஎல்எல் என்ற துணைக் கோப்புகளைக் கூப்பிட்டு வேலை வாங்கும். முழு முகவரி சொல்லாமல் பேரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால், விண்டோஸ் பெரும்பாலும் முதலில் தேடுவது அந்த சாஃப்ட்வேர் இருக்கும் அதே ஃபோல்டரில். அங்கே இல்லைன்னாதான் சிஸ்டம் ஃபோல்டருக்குப் போகும்.

எங்க பாஷையில் சொல்றேன்.

எமர்ஜென்சியில் "அட்ரினலின் எடுங்க" என்றால் சிஸ்டர் முதலில் கை வைப்பது பக்கத்து ட்ரேயில். அதில் இல்லைன்னாதான் அலமாரி. அப்புறம்தான் ஸ்டோர். யாரோ ஒருத்தர் வேறு மருந்தில் அட்ரினலின் லேபிளை ஒட்டி அந்த ட்ரேயில் போட்டிருந்தால்? டாக்டர் கேட்டது சரி. சிஸ்டர் எடுத்த இடமும் சரி. ஆனா நோயாளிக்கு ஏறுவது வேற.

இதே மாதிரி, சாஃப்ட்வேர் கேட்கும் பேரிலேயே ஒரு போலி டிஎல்எல்லை அதன் பக்கத்தில் வைத்து ஓட விடுவதுதான் டிஎல்எல் ஹைஜாக்கிங். சாஃப்ட்வேர் அசல், கையெழுத்தும் அசல். அதனால் ஆண்டிவைரஸுக்குக்கூட சில நேரம் சந்தேகம் வராது.

கதை இல்லைங்க, நடந்தவை:

👉 2010 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டே எச்சரித்தது. அடுத்தவர் பகிர்ந்த ஃபோல்டரில் இருக்கும் ஒரு சாதாரண ஃபைலைத் திறந்தாலே, பக்கத்தில் இருக்கும் போலி டிஎல்எல் ஓடும் அபாயம் பல சாஃப்ட்வேர்களில் இருந்தது.

👉 2017 மார்ச்சில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட சிஐஏ ஆவணங்களில் நோட்பேட் பிளஸ் பிளஸ் பேர் இருந்தது. சில நாட்களிலேயே 7.3.3 பதிப்பு வந்தது. தான் கூப்பிடும் அந்த டிஎல்எல்லின் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே ஏற்றும்படி மாற்றினாங்க.

👉 2021 ஜூலையில் கசேயா சாஃப்ட்வேர் வழியாக ரான்சம்வேர் பரவியது. தாக்கியவர்கள் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் பழைய அசல் கோப்பு ஒன்றை இறக்கி, பக்கத்தில் ஒரு போலி டிஎல்எல்லை வைத்தாங்க. அசல் போய்ப் போலியைக் கூப்பிட்டது. ஸ்வீடனில் கூப் சூப்பர் மார்க்கெட்டின் பில் போடும் மெஷின்கள் நின்று, சுமார் 800 கடைகளை மூட வேண்டியதாயிற்று.

கடையில் பில் நின்னா அரிசி பருப்பு வாங்க முடியாது. ஆஸ்பத்திரியில் லேப் ரிப்போர்ட்டும் ரத்த வங்கி கணக்கும் கம்ப்யூட்டரில்தான் இருக்கு. அது நின்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

சரி, என்ன செய்யலாம்?

1. ஸ்கேன் டிஸ்க்கைக் கட்டாயம் கொண்டு வாங்க, பயந்து வீட்டில் வெச்சுடாதீங்க. படங்கள் டைகாம் என்ற பொது வடிவில்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே நிறுவியிருக்கும் வியூவரிலேயே திறக்கலாம். டிஸ்க்கில் இருக்கும் சாஃப்ட்வேரை ஓட்டத் தேவையில்லை. சக மருத்துவர்களுக்கும் இதே வேண்டுகோள்.

2. டவுன்லோட்ஸ் ஃபோல்டர் நம்ம வீட்டுக் குப்பைக்கூடை மாதிரி. எது எப்போ வந்து விழுந்தது என்றே தெரியாது. இன்ஸ்டால் ஃபைலை அங்கிருந்தே ஓட்டாதீங்க. புதுசா ஒரு காலி ஃபோல்டர் போட்டு, அதை மட்டும் அங்கே மாற்றி ஓட்டுங்க.

3. "இந்த டிஎல்எல் காணோம்" என்று எரர் வந்தால், கூகுளில் தேடி ஏதோ ஒரு தளத்தில் இறக்கி ஒட்டாதீங்க. திருடனுக்கு நாமே கதவைத் திறந்து விடுற வேலை அது. அந்த சாஃப்ட்வேரைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் கோப்பு என்றால், அதற்கான தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தளத்தில் மட்டும் எடுங்க.

4. டெலிகிராமில் வரும் கிராக் ஜிப் வேண்டாம். அசல் சாஃப்ட்வேரோடு போலி டிஎல்எல்லைச் சேர்த்துக் கட்டி அனுப்ப அதைவிட வசதியான பார்சல் இல்லை.

5. தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத சாதாரண கணக்கைப் பயன்படுத்துங்க. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் புதுசா எதையும் போட அந்தக் கணக்குக்கு அனுமதி இருக்காது. ட்ரே இருக்கும் அறையைப் பூட்டி வைக்கிற மாதிரி.

6. விண்டோஸ், சாஃப்ட்வேர் இரண்டுக்கும் அப்டேட் வந்தால் "அப்புறம்" என்று தள்ளாதீங்க. நோட்பேட் பிளஸ் பிளஸ் மாதிரி, திருத்தம் அதில்தான் வரும்.

இதில் எதற்கும் காசு செலவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் பார்க்கும் பிள்ளைகளுக்கும், தெருமுனை பிரவுசிங் சென்டர் அண்ணனுக்கும் காட்டுங்க. ஒருத்தர் மூன்றாவது பாயிண்டை மட்டும் கடைப்பிடித்தாலும் எனக்குச் சந்தோஷம்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க. டியூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.