கடலிற் பேசும் உரிமை

பேசுவதற்கும் ஒரு பரீட்சை உண்டோ என்று வினவி நகைப்பவர் உளர். நிலத்தில் வாழும் நமக்கு அவ்வினா இயல்பானதே. கைப்பேசியை எடுத்து, விரும்பியவரோடு விரும்பிய நேரமெல்லாம் உரையாடுகின்றோம். எவரும் நம் தகுதியைச் சோதிப்பதில்லை. ஆயின் பிரிட்டனில், சிறு படகொன்றில் வானொலிக் கருவியைத் தாமே கையாள விரும்புவோர் பயின்று, பரீட்சையில் தேறிச் சான்றிதழ் பெறல் வேண்டும். அச்சான்றிதழை யான் பெற்ற வரலாற்றையும், அதனால் அறிந்த உண்மை ஒன்றையும் நம் கலாசாலை நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

தொழில் நிமித்தம் யான் சவுத்தாம்ப்டன் நகரில் வாழ்ந்து வருகின்றேன். அங்குள்ள நண்பர் ஒருவர் தமது சிறிய பாய்ப்படகில் என்னை அடிக்கடி அழைத்துச் செல்வார். படகில் நாங்கள் இருவரே இருப்போம். தென்கரைக்கும் வைட் தீவுக்கும் இடைப்பட்ட சோலண்ட் நீரிணையில் நீரோட்டம் வலிது. பெருங் கப்பல்கள் இடையறாது செல்வன. சுக்கான் பிடிக்கவும் பாய் இறக்கவும் ஒருவாறு கற்றிருந்தேன். ஒரு நாள் நண்பர், "நான் கடலில் விழுந்துவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று அமைதியாகக் கேட்டார். "மிதவை வளையத்தை எறிவேன், படகைத் திருப்புவேன்" என்றேன். "பின்னர் யாரை, எவ்வாறு அழைப்பீர்கள்?" என்றார். அவ்வினாவே என்னைப் பரீட்சைக்கு அனுப்பியது. உயிராபத்து நேர்ந்தால் சான்றிதழ் இல்லாதவரும் கருவியை எடுத்து உதவி கோரலாம். அதனைக் குற்றமென எவரும் கொள்ளார். ஆயினும் அனுமதி வேறு, ஆற்றல் வேறு அன்றோ?

அந்நாட்டில் இதற்கு வேண்டுவன இரண்டு. ஒன்று படகிற்கு உரியது. மற்றொன்று மனிதனுக்கு உரியது. படகின் கருவிக்கு ஆப்காம் என்னும் அரசாங்க நிறுவனம் உரிமம் வழங்கி, அழைப்புக் குறியொன்றையும் ஒன்பது இலக்க எண்ணொன்றையும் அளிக்கும். பேசுபவருக்குரிய சான்றிதழின் பரீட்சையை ராயல் யாட்டிங் அசோசியேஷன் நடத்துகின்றது. பதினாறு வயது நிரம்பியவர் அதனைப் பெறலாம். சான்றிதழ் பெற்றவர் மேற்பார்வையில் பிறரும் பேசலாம்.

பயிற்சி ஒரு நாள் நடைபெற்றது. மேசைமேல் வைத்திருந்தவை வானில் ஒலி பரப்பாத பயிற்சிக் கருவிகள். முதலில் எழுத்துக்களைக் கற்றோம். ஆங்கிலத்தின் பல எழுத்துக்கள் காற்றின் இரைச்சலில் ஒன்றுபோல் ஒலிக்கும். தமிழனாகிய எனக்கோ இடர் இரு மடங்கு. அவர்களுடைய இரண்டு எழுத்துக்களுக்கு நம்மிடம் 'பி' என்னும் ஒரே வடிவமன்றோ உள்ளது! இக்குழப்பம் நேராதிருக்கவே ஒன்றை 'பிராவோ' என்றும், மற்றொன்றைப் 'பாப்பா' என்றும் சொல்லுகின்றனர். 1956 ஆம் ஆண்டு முதல் விமானங்களிலும் வழங்கும் முறை இது. மரண ஆபத்தை அறிவிக்கும் பயிற்சியின் நடுவே 'பாப்பா' என்று சொல்ல நேர்ந்தபொழுது என் தமிழுள்ளம் புன்முறுவல் பூத்தது.

அடுத்து அபாய அழைப்பு. கருவியின் மூடியொன்றைத் திறந்து அதனுள் இருக்கும் சிவப்புப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தினால், படகின் எண்ணும், இருப்பிடங் காட்டும் கருவியோடு இணைத்திருப்பின் படகு நிற்கும் இடமும், 70 ஆம் அலைவரிசையில் தாமே செல்லும். பின்னர் 16 ஆம் அலைவரிசையில் வாயாற் சொல்ல வேண்டும். 'மேடே' என்று மும்முறை. படகின் பெயர் மும்முறை. அழைப்புக் குறியும் எண்ணும். மீண்டும் ஒருமுறை மேடேயும் பெயரும். பின்னர் இடம், நேர்ந்த ஆபத்து, வேண்டும் உதவி, படகிலுள்ளோர் தொகை. மேடே என்பது 'எனக்கு உதவுங்கள்' என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைத் தழுவியது. 1927 இல் வாஷிங்டன் மாநாட்டில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்டது. ஆபத்தினும் முன்னதாக இடத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருவி நடுவிலே நின்றுபோயினும், இடம் ஒன்று தெரிந்தால் தேடி வருவோருக்கு அதுவே போதும்.

இவற்றினும் வியப்பளித்தது மௌனத்தைப் பற்றிய பாடம். பேசும் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை பிறர் குரல் நமக்குக் கேளாது. நம் குரலோ அந்த அலைவரிசையில் ஏனையோர் குரலை மறைத்துவிடும். 16 ஆம் அலைவரிசை அனைவர்க்கும் பொது. ஆதலின் அங்கு வீண் உரையாடல் கூடாது. அழைத்த உடனே வேறோர் அலைவரிசைக்குச் சென்றுவிட வேண்டும். மேடே கேட்டால், உதவ இயலாத ஏனையோர் அனைவரும் வாய் மூடிச் செவி திறந்திருத்தல் வேண்டும்.

இவ்விதிகள் பெருவிலை கொடுத்துப் பெற்றவை. 1912 ஏப்ரல் 10 ஆம் நாள் டைட்டானிக் கப்பல் இதே சவுத்தாம்ப்டனிலிருந்து புறப்பட்டது. 14 ஆம் நாள் இரவு, அண்மையில் நின்ற கலிபோர்னியன் கப்பலின் தந்தியாளர் பனிப்பாறைகளைப் பற்றி அறிவிக்க முயன்றார். பிரயாணிகளின் சொந்தச் செய்திகளை அனுப்பிக் கொண்டிருந்த டைட்டானிக்கின் தந்தியாளர், இடையில் பேசாதிருக்குமாறு பணித்தார். மற்றவர் சிறிது நேரத்தில் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். அக்கப்பலில் தந்தியாளர் அவர் ஒருவரே. அதன்பின் எழுந்த அபயக்குரல் அங்கே எவர் செவியிலும் விழவில்லை. ஆயிரத்தைந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இருவருமே தத்தம் வேலையைத்தான் செய்தனர். பொதுவழியைக் காக்கும் முறைதான் அந்நாளில் இல்லை. அதனை வகுக்கவே 1914 இல் இலண்டனில் கடலுயிர்க் காப்பு உடன்படிக்கை எழுந்தது.

திருவள்ளுவர் பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். யாக்கோபு அப்போஸ்தலரோ நாவைக் கப்பலின் சிறு சுக்கானுக்கு ஒப்பிட்டார். கலாசாலையிற் படித்த அவ்விரண்டின் பொருளும் எனக்கு அந்நீரிணையில்தான் விளங்கின.

சான்றிதழ் பெற்ற மறு கோடையில் ஒரு நாள் மாலை, எங்கள் கருவியில் மேடே என்னும் குரல் கேட்டது. ஒரு பெண்மணியின் குரல்; கணவர் கடலில் விழுந்துவிட்டார், படகில் தாம் ஒருவரே உள்ளார். குரல் நடுங்கியது, எனினும் முறை பிறழவில்லை. பெயர், இடம், ஆபத்து, தொகை யாவும் வரிசையாய் வந்தன. யான் இடத்தையும் நேரத்தையும் தாளில் குறித்தேன். விடையளிப்பார் எவருமிலராயின் நாங்களே அச்செய்தியை எடுத்துச் சொல்ல வேண்டும்; ஆதலின் ஒலிவாங்கியைக் கையில் ஏந்தியவாறு காத்திருந்தேன். அதற்குள் கடலோரக் காவலர் விடையளித்தனர். நாங்கள் நெடுந்தூரத்தில் இருந்தோம். அத்தனை படகுகள் நிறைந்த நீரிணையில், அவர்கள் இருவரின் குரலன்றி வேறு குரல் எழவில்லை. ஏறத்தாழ அரை மணிக்குப் பின், அவர் உயிரோடு மீட்கப்பட்டார் என்று உயிர்காப்புப் படகினர் அறிவித்தனர். நண்பர் என்னை நோக்கினார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அப்பெண்மணி தெளிவாகப் பேசக் கற்றிருந்தார். ஏனையோர் பேசாதிருக்கக் கற்றிருந்தனர். அவ்விரண்டும் கூடியே ஓர் உயிரைக் காத்தன. நம் மாணவருள் எவரேனும் பின்னாளில் கடற்பயணம் மேற்கொள்ள நேரின், படகைச் செலுத்தக் கற்பதோடு இச்சிறு பரீட்சையையும் எழுதிவிடுமாறு வேண்டிக் கொள்கின்றேன்.