டிசம்பரில் வாய் திறந்தவன்

பண்டைய ரோமில் ஒரு சாமியின் காலையே கட்டிவைத்திருந்தார்கள். சாட்டர்ன் என்னும் அந்தத் தெய்வத்தின் சிலைக்கு ஆண்டு முழுக்கக் காலில் கம்பளிக் கட்டு. டிசம்பர் 17, சாட்டர்னாலியா திருநாளன்று, அதை அவிழ்த்துவிடுவார்கள்.

சாமியோடு ஊரும் கட்டவிழ்ந்துவிடும். நீதிமன்றம் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. மெழுகுத்திரிகளும் மண்பொம்மைகளும் பரிசாகக் கைமாறும். மற்ற நாளில் குற்றமான சூதாட்டம் அன்று குற்றமில்லை. விடுதலை பெற்ற அடிமைக்கு அடையாளமான தொப்பியை எஜமானர்களும் மாட்டிக்கொள்வார்கள். அடிமைகளுக்கு விருந்து நடக்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது, அன்று அடிமை வாய் திறந்து பேசலாம் என்பதுதான்.

அப்படிப் பேசிய ஒருவனைக் கவிஞர் ஹொரேஸ் தம் அங்கதக் கவிதைகளின் இரண்டாம் நூலில் நிறுத்தியிருக்கிறார். பெயர் தாவுஸ். சொல்ல வேண்டியது நெடுநாளாக மனதில் இருந்தும் அடிமை என்பதால் பயந்து கிடந்தவன். டிசம்பரின் சலுகையைப் பயன்படுத்திக்கொள் என்று எஜமானரான ஹொரேஸ் சொன்னதும் கொட்டித் தீர்க்கிறான். நகரத்தில் இருந்தால் கிராமத்துக்கு ஏங்குகிறீர், கிராமத்துக்குப் போனால் நகரத்தைப் புகழ்கிறீர். விருந்துக்கு யாரும் கூப்பிடாத நாளில் வீட்டுக் கீரையே அமிர்தம் என்கிறீர். பெரிய மனிதர் மைசீனஸ் ஆளனுப்பினால் விளக்குக்கு எண்ணெய் எங்கே என்று வீடே அதிரக் கத்திவிட்டு ஓடுகிறீர். பிறர் கயிற்றுக்கு ஆடும் பொம்மை நீர். நம் இருவரில் அடிமை யார்? இதுதான் அவன் கேட்பதன் சாரம்.

ஹொரேஸால் தாங்க முடியவில்லை. கல்லை எடு, அம்பை எடு என்று சீறுகிறார். வாயை மூடாவிட்டால் சபைன் பகுதியிலுள்ள தம் பண்ணைக்கு ஒன்பதாவது வேலையாளாக அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறார். கவிதை அத்தோடு முடிகிறது.

ஹொரேஸின் தந்தையே ஒரு காலத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். அதைக் கவிஞர் ஒளித்ததில்லை. மகனை ரோமுக்கு அழைத்துவந்து படிக்கவைத்த அந்த அப்பாவை நன்றியோடு பாடியிருக்கிறார். அப்படிப்பட்டவர், நியாயத்தை அடிமையின் வாயிலும் ஆத்திரத்தைத் தம் வாயிலும் வைத்து எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவரை வணங்கத் தோன்றுகிறது.

எஜமானர் நினைத்தால் பறித்துக்கொள்ளக்கூடிய பேச்சு உரிமை ஆகாது. அது வெறும் சலுகை. நம்மிடம் சம்பளம் வாங்குகிறவர் நம் குறையைச் சொல்ல நாள் பார்க்க வேண்டியிருந்தால், திருந்த வேண்டியவர்கள் நாம்தான்.