கேட்டும் கேளாமல்

தமிழில் 'கேட்டல்' என்ற சொல் காதால் கேட்பதையும் குறிக்கும். சொன்னபடி நடப்பதையும் குறிக்கும். 'பிள்ளை சொன்ன பேச்சுக் கேட்கிறதா?' என்று விசாரிப்பவர் யாரும் அதன் செவித்திறனைப் பற்றி விசாரிப்பதில்லை. இவ்விரு பொருள்களுக்கும் நடுவே எத்தனை தொலைவு உண்டு என்பதைச் சென்ற ஆண்டு எங்களுக்குக் காட்டியவள் செவலை.

செவலை சிப்பிப்பாறை இனத்தவள். தென்மாவட்டங்களில் முயல் வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுவது. தொலைவில் ஏதேனும் அசைந்தால் போதும், கால்கள் முந்திக்கொள்ளும். நாங்கள் வசிப்பதோ கோவையின் விளிம்பில். வீட்டின் பின்புறம் காலி மனைகள், அவற்றில் மேயும் மயில்கள், அவற்றையும் தாண்டினால் லாரிகள் விரையும் சாலை. ஆகவே இரண்டு மாதக் குட்டியாக வந்த நாள் முதலே பயிற்சியைத் தொடங்கிவிட்டோம். ஐந்தாம் மாதத்தில் 'உட்கார்', 'இரு', 'வா' மூன்றும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

எட்டாம் மாதத்தில் எல்லாம் மாறிற்று. 'வா' என்றால் ஒரு காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பும். முகம் மயிலின் பக்கமே நிற்கும். காலையில் வரும் பால்காரர் 'உட்கார்' என்றால் மட்டும் உடனே உட்கார்ந்தாள். எங்களை அதிகம் வருத்தியது அதுதான்.

இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. லூசி ஆஷரும் அவருடைய சகாக்களும் பிரிட்டனில் வழிகாட்டி நாய்களாகப் பயிற்றப்படவிருந்த இளநாய்களை ஆராய்ந்து, 2020-ல் 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். 'உட்கார்' என்ற கட்டளையை 5 மாத வயதிலும் 8 மாத வயதிலும் சோதித்தபோது, எட்டாம் மாதத்தில் நாய்கள் தம்மை வளர்ப்பவரின் சொல்லை மட்டுமே அதிகம் புறக்கணித்தன. அந்நியர் சொன்னபோது அத்தகைய சரிவு இல்லை. ஓராண்டு நிறையும்போது இந்த முரண் பெரிதும் தணிந்துவிட்டது. விடலைப் பருவத்துப் பிள்ளை அடுத்த வீட்டில் மரியாதையாகவும் தன் வீட்டில் முறைப்பாகவும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மறதியல்ல, பருவம் என்று தெரிந்ததில் எங்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

ஆனால் ஆறுதலோடு நின்றுவிட முடியவில்லை. எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 72 வயது. வாசலில் அவரைக் கண்டதும் செவலை முன்னங்கால்களைத் தோளில் போட்டுத் தாவுவாள். ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து வந்த மாமா, "நாய் வாலை நிமித்த முடியுமா? தோட்டத்துல கட்டிப் போடுங்க, சரியாப் போயிரும்" என்றார். தோட்டத்துச் சங்கிலியின் நீளம் எங்களுக்குத் தெரியும். ஓடுவதற்கென்றே பிறந்த உடல் அந்த ஆறடிக்குள் முடிந்துபோவதை நினைக்க முடியவில்லை.

எனவே முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கினோம். காலையும் மாலையும், உணவுக்கு முன், ஐந்தைந்து நிமிடங்கள். ஒருவர் 'சிட்' என்றும் மற்றவர் 'உக்காரு' என்றும் சொல்வதை நிறுத்தி, வீடு முழுவதற்கும் ஒரே சொல். அதையும் ஒரு முறைக்கு மேல் சொல்வதில்லை. வெளியே போகும்போது மார்புப் பட்டையில் பத்து மீட்டர்க் கயிறு. இவ்வினத்தின் குறுகிய தலையிலிருந்து கழுத்துப்பட்டை எளிதில் கழன்றுவிடும், பாயும் வேகத்தில் கழுத்தும் அடிபடும். 'வா' என்றழைத்து வந்தால் வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துண்டு கொடுத்து, உடனே மறுபடி ஓட விடுவோம். அழைப்பு என்றால் விளையாட்டின் முடிவு என்று அவள் எண்ணிவிடக் கூடாதல்லவா?

ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-ல் வெளியிட்ட நூல் வெகுமதியின் கால ஒழுங்குகளைப் பற்றியது. எப்போதாவது மட்டும் பலன் தரும் செயல், எப்போதும் பலன் தந்த செயலைவிட எளிதில் மறையாது என்பது அத்துறையில் நிலைபெற்ற உண்மை. அது இருபுறமும் வெட்டும் கத்தி. பத்துத் தாவலில் ஒன்றுக்கு அம்மா கொஞ்சினாலும் தாவல் நிற்காது. ஆகவே தாவினால் எல்லோரும் திரும்பி நிற்பது, நான்கு காலும் தரையில் இருந்தால் மட்டுமே தடவுவது என்று வைத்துக்கொண்டோம். முதலிரண்டு வாரங்களில் தாவல் அதிகமாயிற்று. கிடைத்துக்கொண்டிருந்தது நின்றுபோகும்போது விலங்குகள் அப்படித்தான் முட்டிப் பார்க்கும். வீட்டில் மாமாவின் யோசனை மீண்டும் பேசப்பட்டது அந்த நாட்களில்தான். "இன்னொரு மாசம் பாக்கலாம் கண்ணு" என்று தவணை வாங்கிக் கொடுத்தவர் அம்மாவேதான்.

இப்போது செவலைக்குப் பதினான்கு மாதம். பூப்பறிக்க அம்மா வாசலுக்கு வந்தால், உடல் நடுங்க, வாலால் தரையைப் பெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மயிலைக் கண்ட நேரத்தில் பத்து அழைப்புக்கு ஏழில் திரும்பி வருகிறாள். மிச்சம் மூன்றுக்காகக் கயிறு இன்னும் இருக்கிறது. தினசரி ஐந்து நிமிடங்களும் அப்படியே தொடர்கின்றன. தம்புராவைப் பாடகர் நாள்தோறும் சுருதி சேர்ப்பது நேற்று அது கெட்டுப்போனதால் அல்ல. தந்தி தளர்வது இயல்பு என்பதால்.

'கேட்டல்' என்பதற்கு மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு: வினவுதல். மனையின் ஓரத்தில் கயிறு இறுகுமுன் அவள் ஒரு கணம் எங்களைத் திரும்பிப் பார்க்கிறாள். மயில்கள் இல்லாத நாளில் 'போ' என்கிறோம்.